வகுப்பில் பேசியது பதிவான பிறகு யாருடையது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செல்பேசியில் வகுப்பைப் பதிவு செய்யக் கூடாது என்கிறார் உங்கள் பேராசிரியர். அதே அறையில் பல்கலைக்கழகம் மாட்டியிருக்கும் கேமரா ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து பாடத்தளத்தில் ஏற்றிவிடுகிறது. அவர் உங்களைத் தடுப்பது செல்லுமா என்பது முதல் கேள்வி. சென்ற வாரப் பதிவில் நீங்கள் தட்டுத்தடுமாறிக் கேட்ட ஒரு சந்தேகம், அவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதோடு சேர்ந்து அப்படியே இருக்கிறது, அதை நீக்கச் சொல்லலாமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: வகுப்பறையில் வாயிலிருந்து வந்த பேச்சு, பதிவான பிறகு யாருடையது?

எந்த நாட்டில் படிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நாட்டுக்கு நாடு, ஏன் ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறும் விஷயம் இது. அதனால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய உறுதியாக இருப்பதை முதலில் சொல்கிறேன், மாறுபடுவதை மாறுபடுகிறது என்றே சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறையும் பேராசிரியரின் பணி ஒப்பந்தமும் என் கண்முன் இல்லை. பல சமயம் கடைசி வார்த்தை அந்த இரண்டு தாள்களில்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் "காப்பிரைட்" என்ற ஒரே சொல்லைப் போடுவதால்தான் பாதிக் குழப்பம். ஒரு மணி நேர விரிவுரைப் பதிவில் குறைந்தது நான்கு உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பேசிய சொற்களிலும் ஸ்லைடிலும் இருப்பது பதிப்புரிமை. அவற்றை நின்று நிகழ்த்திய விதத்தில் இருப்பது நிகழ்த்துநர் உரிமை. ஒலி ஒளிப் பதிவு என்ற கோப்பு தனிப் படைப்பு, அதற்குத் தயாரிப்பாளர் என்று ஒருவர் உண்டு. அதில் தெரியும் முகமும் கேட்கும் குரலும் தனிநபர் தரவு, அந்த உரிமை முகத்துக்கும் குரலுக்கும் உடையவருடையது. இந்த நான்கும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. உங்கள் பேராசிரியர் பேசியதைப் பல்கலைக்கழகக் கருவி பதிவு செய்கிறது, நடுவே உங்கள் குரல் வருகிறது என்றால், மூன்று தரப்பும் அந்தக் கோப்பில் ஆளுக்கொரு பங்கு கேட்க முடியும்.

இந்த வழக்கு செல்பேசியோடு பிறந்ததும் அல்ல. 1825இல் லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் அபர்னெதியின் மருத்துவமனை விரிவுரைகளை, அப்போது தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 'லான்செட்' இதழ் அச்சிட்டது. அவர் நீதிமன்றம் போனார். மாணவர் கேட்கலாம், குறிப்பெடுக்கலாம், தமக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் விற்பதற்காக வெளியிடக் கூடாது என்ற புரிதலோடுதான் வகுப்பில் உட்காருகிறார்கள் என்று சொல்லி நீதிபதி எல்டன் பிரபு தடை கொடுத்தார். 1887இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் எட்வர்ட் கேர்டின் விரிவுரைகளை ஒரு புத்தக வியாபாரி அச்சிட்டு விற்ற வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதே வழியில் போனது: வகுப்பில் பேசுவது ஊரறியப் பேசுவதாகாது. அன்றைக்குச் சுருக்கெழுத்து, இன்றைக்குச் செல்பேசி. கேட்டவர் தமக்காக வைத்துக்கொள்வது ஒன்று, வெளியே விடுவது வேறொன்று என்ற அந்தப் பிளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதன் கிளைதான்.

முதலில் சொற்களின் பதிப்புரிமை. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 11, பணியின் போக்கில் ஊழியர் உருவாக்கியது முதலாளியுடையது என்கிறது, மாறாக ஒப்பந்தம் இல்லாத வரை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 17, அதையே சொல்கிறது. படித்தவுடன் விரிவுரை பல்கலைக்கழகத்தின் சொத்து என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. விரிவுரையாளரை வேலைக்கு எடுப்பது கற்பிக்கத்தான். கற்பிப்பதற்காக அவர் எழுதிக்கொள்ளும் குறிப்பும் அந்த வேலையின் விளைபொருளா என்பது நெடுங்காலச் சச்சரவு. 1952இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கில், ஒரு நிறுவன ஊழியர் வெளியில் ஆற்றிய விரிவுரைகளின் உரிமை அவருக்கே என்றது. அமெரிக்காவில் 1969இல் கலிபோர்னியா நீதிமன்றம், வில்லியம்ஸ் எதிர் வைசர் வழக்கில், வகுப்புக் குறிப்புகளை விற்ற நிறுவனத்துக்கு எதிராகப் பேராசிரியர் பக்கம் நின்றது. விரிவுரை அவருடையது, பல்கலைக்கழகத்துடையது அல்ல என்றே சொன்னது. மரபு ஆசிரியர் பக்கம் சாய்கிறது, சட்ட வாசகம் நிறுவனத்தின் பக்கம் சாய்கிறது. நடுவில் ஒப்பந்தம் தீர்க்கிறது. இன்றைய பணி ஒப்பந்தங்கள் பலவற்றில் 'கற்பித்தல் பொருட்கள்' என்ற சொல் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. ஆய்வுக் கட்டுரையும் நூலும் ஆசிரியருக்கு, ஸ்லைடும் பாடக்கோப்பும் நிறுவனத்துக்கு என்று பிரித்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. பகுதிநேர, கௌரவ விரிவுரையாளர்கள் ஊழியர் என்ற வரையறைக்குள் வராமல் போகலாம். அப்படியானால் எழுத்து மூலம் கொடுக்காத வரை உரிமை அவர்களிடமே நிற்கும். 1916இல் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுத்தாள் வழக்கில் அதுதான் நடந்தது. தாள் தயாரித்த தேர்வாளர்கள் ஊழியர்கள் அல்லர், ஆகவே உரிமை முதலில் அவர்களுடையது என்று தீர்ப்பானது.

குறிப்பே இல்லாமல் சரளமாகப் பேசும் பேராசிரியருக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. பிரிட்டனில் பேச்சு ஏதாவது வடிவத்தில் பதிவாகும் கணத்தில்தான் பதிப்புரிமை பிறக்கிறது. பதிவு செய்தவர் யார், அனுமதி வாங்கினாரா என்பது பொருட்டே இல்லை. நீங்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலும் உரிமை அவருக்குத்தான் உண்டாகும், உங்கள் கருவியின் புண்ணியத்தில்! அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலோ, பேசியவரின் அனுமதியோடு பதிவானால்தான் அந்தப் பாதுகாப்பு. அனுமதியில்லாப் பதிவு என்றால் மாநிலச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டும்.

அடுத்தது நிகழ்த்துநர் உரிமை. இதை ஆசிரியர்களே பெரும்பாலும் அறிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் யார் என்று ஒரு பட்டியல் உண்டு: நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி என்று போய், அடுத்ததாக 'விரிவுரை ஆற்றுபவர்' என்று வருகிறது. பாம்பாட்டிக்கு அடுத்த இருக்கை விரிவுரையாளருக்கு. சிரித்துவிட்டு யோசித்தால், ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான சட்டப் பிடி வேறில்லை. ஸ்லைடு பல்கலைக்கழகத்துக்கே சொந்தமானாலும் நின்று நிகழ்த்தியது அவருடைய நிகழ்ச்சி. அதைப் பதிவு செய்யவும் பொதுமக்களுக்குக் கொண்டுசெல்லவும் அவர் சம்மதம் வேண்டும், அந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கிறது. பதிவை வெட்டி ஒட்டிப் பெயரைக் கெடுத்தால் எதிர்க்கவும் தனி உரிமை உண்டு. பிரிட்டன் சட்டம் இவ்வளவு தாராளம் இல்லை. இலக்கியப் படைப்பை வாசிப்பதையும் ஒப்பிப்பதையும் நிகழ்த்தலாகக் கொள்கிறதே தவிர, தாளே இல்லாமல் பேசும் விரிவுரை அதற்குள் வருமா என்பது ஐயத்துக்குரியது. இருந்தாலும் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் முன்னெச்சரிக்கையாக விரிவுரையாளரிடம் நிகழ்த்துநர் ஒப்புதலையும் எழுத்தில் கேட்டு வாங்குகின்றன.

இதே இந்தியச் சட்டத்தின் பிரிவு 39 உங்கள் பக்கத்துக்கு ஒரு கதவைத் திறக்கிறது. பதிவு செய்பவரின் சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமாகவோ செய்யும் ஒலி ஒளிப் பதிவு நிகழ்த்துநர் உரிமையை மீறாது. பிரிவு 52 தனிப்பட்ட பயனுக்கான நியாயமான கையாளுதலைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆக, வீட்டில் திரும்பக் கேட்பதற்காக நீங்கள் செய்யும் பதிவு, அந்தச் சட்டப்படி குற்றம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் குற்றம் இல்லை என்பதும், செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. வகுப்பறையில் கருவி கூடாது என்று ஆசிரியரோ நிறுவனமோ விதி வைக்கலாம். மீறினால் பதிப்புரிமை வழக்கு வராது, ஒழுங்கு நடவடிக்கை வரும். உங்கள் முதல் கேள்விக்கான விடை பெரும்பாலான நாடுகளில் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

சில இடங்களில் சட்டமே நேரடியாகப் பேசிவிடுகிறது. கலிபோர்னியாவின் கல்விச் சட்டம், சமூகக் கல்லூரி வகுப்பறையில் ஆசிரியரின் முன் அனுமதியின்றி யாரும் பதிவுக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மாற்றுத்திறன் மாணவருக்குத் தேவையான உதவிக்கு மட்டும் விலக்கு. புளோரிடா 2021இல் நேர் எதிர்த் திசையில் போனது. பொதுப் பல்கலைக்கழக மாணவர் தம் படிப்புக்காகவோ, நிறுவனத்திடம் புகார் செய்யவோ, வழக்கில் சாட்சியாகவோ விரிவுரையை அனுமதி கேட்காமலே பதிவு செய்யலாம். ஆனால் விரிவுரையாளர் சம்மதமின்றி வெளியிட்டால் அவர் வழக்குப் போடலாம், 2,00,000 டாலர் வரை போகலாம். ஜெர்மனியில் குற்றவியல் சட்டம், பிரிவு 201, பொதுவில் பேசப்படாத சொல்லை அனுமதியின்றிப் பதிவு செய்வதையே மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. அந்தப் பாடத்துக்குப் பெயர் கொடுத்த மாணவர்களுக்கு மட்டுமான கருத்தரங்க வகுப்பு 'பொதுவில் பேசாதது' என்ற வகையில் விழ நிறைய வாய்ப்பு உண்டு. அங்கே "எனக்காகத்தான் பதிவு செய்தேன்" என்ற சமாதானம் எடுபடாது. எனவே கேட்டுவிட்டுப் பதிவு செய்வது எல்லா நாட்டிலும் பாதுகாப்பு, கேட்காமல் பதிவு செய்வது சில நாடுகளில் மட்டுமே பாதுகாப்பு.

உடல் குறைபாடோ கற்றல் சிரமமோ காரணமாகப் பதிவு தேவைப்படுகிறது என்றால் தராசு வேறு பக்கம் சாயும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் கீழ் வந்த விதி, வகுப்பறையில் டேப் ரெக்கார்டருக்குத் தடை போடுவது போன்ற விதிகளை மாற்றுத்திறன் மாணவர்மேல் சுமத்தக் கூடாது என்று அந்தக் கருவியின் பெயரைச் சொல்லியே தடுக்கிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையைப் பல்கலைக்கழகத்தின்மேல் வைக்கிறது; இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதி என்கிறது. இந்த நிலையில் ஆசிரியரின் விருப்பமின்மை தனியாக நிற்காது. ஆனால் நிபந்தனை போட அவருக்கு இடம் உண்டு: பிறருக்குக் கொடுக்கக் கூடாது, பாடம் முடிந்ததும் அழிக்க வேண்டும், மற்ற மாணவர்கள் சொந்த விஷயம் பேசும்போது நிறுத்த வேண்டும் என்பன. ஒரு நடைமுறைக் குறிப்பு: மாற்றுத்திறன் உதவிப் பிரிவு வழியாகக் கடிதம் போகட்டும். மாணவரே போய்த் தம் உடல்நிலையை ஆசிரியரிடம் விளக்கத் தேவையில்லை, வகுப்பு முழுவதற்கும் "இன்னாருக்காகப் பதிவு நடக்கிறது" என்று அறிவிக்கவும் கூடாது. அப்படி அறிவிப்பது, உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவர் ரகசியத்தை உடைப்பது. அடிக்கடி நடக்கும் தவறு இது.

இனி கேமராவுக்கு வருவோம். உங்களைத் தடுக்கும் பேராசிரியர் பல்கலைக்கழகத்தை ஏன் தடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். தடுக்க முடியாமலும் இருக்கலாம், தடுக்க மனமில்லாமலும் இருக்கலாம். முதலாளி என்ற முறையில் நியாயமான கட்டளை இட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்தக் கட்டளைக்கும் எல்லை உண்டு. மாண்டினீக்ரோ பல்கலைக்கழகக் கணிதத் துறையில் 2011இல் விரிவுரை அரங்குகளில் கண்காணிப்புக் கேமரா வைத்தார்கள். பேராசிரியர்கள் இருவர் எதிர்த்தார்கள். வகுப்பறை பொது இடம், அங்கே தனியுரிமை ஏது என்றன உள்நாட்டு நீதிமன்றங்கள். 2017 நவம்பர் 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரங்கு ஆசிரியரின் பணியிடம், மாணவர்களோடு உறவாடும் இடம், அதுவும் தனிவாழ்வுக்குள் அடங்கும் என்று மீறலை உறுதி செய்தது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலத்துப் பள்ளி வகுப்புகளை நேரலையில் காட்டிய விவகாரத்தில், ஆசிரியரின் தரவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர் வரம்புக்குள் வருகிறது என்று தெளிவாக்கியது. இவை பதிவு கூடாது என்ற தீர்ப்புகள் அல்ல. எதற்கு, எவ்வளவு காலம், எந்தச் சட்ட அடிப்படையில் என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்கின்றன. பாடம் திரும்பப் பார்க்க என்று சொல்லி எடுத்ததை ஆசிரியரின் பணித் திறனை அளக்கப் பயன்படுத்துவது அந்த இடத்தில்தான் இடறி விழும்.

ஆசிரியர்களுக்கு உண்மையான அச்சம் பதிவில் இல்லை, பதிவின் பிற்கால வாழ்வில் இருக்கிறது. 2018இல் பிரிட்டனில் ஓய்வூதியத்துக்காகப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பழைய பதிவுகளை ஓட்டி வகுப்புகளை நிரப்பலாமா என்ற சர்ச்சை கிளம்பியது. 2021 ஜனவரியில் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில், கலை வரலாற்றை இணையவழியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், தம் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப முகவரி தேடினார். பேராசிரியர் 2019இலேயே காலமானவர். பதிவு மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் ஆசிரியர் ஐந்தாறு இடங்களில் கண் வைக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு, எந்த ஆண்டு மாணவருக்கு என்று பெயர் சொல்லி இருக்க வேண்டும். 'கல்வி நோக்கங்களுக்காக' என்ற பொத்தாம்பொது வாசகம் எதையும் உள்ளே விட்டுவிடும். எப்போது அழிக்கப்படும் என்று தேதி வேண்டும். வேலையை விட்ட பிறகு பயன்படுத்தலாமா, வேலைநிறுத்தத்தின்போது ஓட்டலாமா, மதிப்பீட்டுக்கு எடுக்கலாமா என்பதற்குத் தனித்தனி விடை வேண்டும். ஏற்றுவதற்கு முன் பார்த்து வெட்டும் உரிமை வேண்டும். அண்மைக்காலமாக இன்னொன்று: பதிவையோ எழுத்தாக்கத்தையோ இயந்திரத்துக்குப் பயிற்சியளிக்கவும் குரலைப் போலி செய்யவும் கொடுக்கக் கூடாது என்ற வரி. பழைய படிவங்களில் இது இருக்காது, கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. குரல், பெயர், முகம் எதுவானாலும் உங்களை அடையாளம் காட்டினால் அது உங்கள் தரவு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் உங்களைப் பற்றிய பதிவின் நகலைக் கேட்கலாம், பயன்பாட்டை ஆட்சேபிக்கலாம், அழிக்கக் கோரலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம். அழிக்கக் கோரும் உரிமை முழுமையானது அல்ல, நிறுவனம் தன் தேவையை எடைபோட்டுக் காட்டலாம். மாணவரின் ஒப்புதலை மட்டும் நம்பிப் பதிவு செய்வது நிறுவனத்துக்கும் பலவீனமான அடிப்படை: மதிப்பெண் போடுகிறவர் கேட்டால் மாணவர் எப்படி மறுப்பார்? அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புதலை விட்டுவிட்டு, பொதுப்பணி, நியாயமான நலன் போன்ற அடிப்படைகளைச் சொல்கின்றன. அப்படிச் சொன்னால்தான் ஆட்சேபிக்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. அது கட்டங்கட்டமாகத்தான் அமலுக்கு வருகிறது. அமெரிக்காவில், மாணவர் அடையாளம் தெரியும்படி பேசும் பதிவை நிறுவனம் வைத்திருந்தால் அது கல்விப் பதிவேடாகி, வெளியாருக்குக் காட்டத் தடை வரலாம். ஆசிரியர் மட்டும் தெரிகிற பதிவுக்கு அந்தத் தடை இல்லை.

உரிமையைக் காட்டி முட்டுவதைவிட, வெட்டச் சொல்வது வேகமாக முடியும். முழு வகுப்பையும் எடுக்கச் சொன்னால் மறுப்பார்கள். 34:10 முதல் 35:05 வரை ஒலியை நீக்குங்கள் என்றால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள், ஏனென்றால் பதிவு மென்பொருள் பெரும்பாலானவற்றில் வெட்டும் வசதி இருக்கிறது. ஒலியை வெட்டினால் போதாது என்பதைக் கவனியுங்கள். தானியங்கிக் கேப்ஷனில் உங்கள் பெயரும் கேள்வியும் எழுத்தாக நிற்கும், தேடினால் கிடைக்கும். இணையவழி வகுப்பு என்றால் சாட் தனிக் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பதிவிறக்க அனுமதி இருந்திருந்தால் நகல்கள் வெளியே போயிருக்கும், அதைத் திரும்பப் பெற யாராலும் முடியாது. அடுத்த ஆண்டுப் பாடத்தளத்தை இந்த ஆண்டுத் தளத்திலிருந்து நகலெடுத்து உருவாக்கும்போது பழைய காணொளி லிங்க் சேர்ந்தே போய்விடும். நீக்கியதாகச் சொன்ன பதிவு ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்தத் தொல்லையில் பாதி, மைக் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சட்டையில் குத்தும் மைக் ஆசிரியரின் குரலை மட்டும் வாங்கும், மாணவர் கேள்வி முணுமுணுப்பாகத்தான் விழும்; அவர் கேள்வியைத் தம் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டால் பதிவும் தெளிவு, கேட்டவர் யார் என்பதும் மறைவு. கூரை மைக் இருந்தால் முன்வரிசைக் கிசுகிசு வரை எல்லாம் ஏறும். நேர அட்டவணைப்படி தானாக ஓடத் தொடங்கும் கருவிகளில் பெரிய ஆபத்து வகுப்பின் இரு ஓரங்கள்: ஆசிரியர் மைக்கை மாட்டிவிட்டு ஒரு மாணவரிடம் மதிப்பெண் பற்றியோ வீட்டுப் பிரச்சினை பற்றியோ பேசுவது பதிவாகிவிடும். பதிவை மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கி, முடிவதற்கு ஐந்து நிமிடம் முன் நிறுத்துமாறு அமைத்தால் இது குறையும். கேமராவை மேடையை மட்டும் பார்க்கும்படி பூட்டிவைக்கலாம், அறையின் ஒரு பக்கத்தைச் சட்டகத்துக்கு வெளியே விட்டு "தெரிய விரும்பாதவர்கள் இங்கே உட்காரலாம்" என்று சொல்லலாம். விவாத வகுப்பை, சிகிச்சை அனுபவம், பாலியல், மதம், அரசியல் போன்றவை பேசப்படும் வகுப்பைப் பதிவே செய்யாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. பதிவு ஓடும்போது மாணவர் வாய் திறப்பதில்லை, வகுப்பின் நோக்கமே கெட்டுவிடும்.

ஸ்லைடில் இருக்கும் பிறர் படங்களும் திரைப்படத் துண்டுகளும் இன்னொரு கண்ணி. வகுப்பறைக்குள் மாணவருக்குக் காட்ட விதிவிலக்குகள் பல நாட்டிலும் உண்டு. அதே துண்டு பதிவில் ஏறித் தளத்துக்குப் போகும்போது நடப்பது நகலெடுத்தல், அனுப்புதல். பழைய விலக்கு அதற்குப் பொருந்தாமல் போகலாம். அந்த நேரத்தில் பதிவை நிறுத்திவைத்து, படத்தின் பெயரையும் காட்சி நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்வதே எளிய வழி. பதிவைப் பொதுவெளியில் திறந்துவிடுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருந்த விரிவுரைகளில் கேப்ஷன் சரியில்லை, காது கேளாதவர் பயன்படுத்த முடியவில்லை என்று 2016இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் சுட்டிக்காட்டியது. திருத்தும் செலவைப் பார்த்த பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட ஒலி ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. சரி செய்யக் கேட்டார்கள், கடையையே மூடிவிட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் சொந்தப் பதிவைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. தனிப்பட்ட பயன் என்ற குடை, வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்ட கணத்தில் மடங்கத் தொடங்கும், யூடியூபில் ஏற்றினால் முழுதாகப் பறந்துவிடும். 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம், சுவீடன் நாட்டுத் தேவாலயத் தன்னார்வலர் ஒருவர் தம் இணையப்பக்கத்தில் சக ஊழியர்களைப் பற்றி எழுதிய லிண்ட்க்விஸ்ட் வழக்கில், எண்ணற்றோர் பார்க்கும்படி இணையத்தில் இடுவது வீட்டுப் பயன்பாடு ஆகாது என்றது. இரண்டாவது, தானாகக் குறிப்பெடுத்துத் தரும் செயலிகள். நீங்கள் பதிவு செய்வதாக நினைக்கிறீர்கள். உண்மையில் வகுப்பில் இருக்கும் அத்தனை பேரின் குரலையும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறீர்கள். "பதிவு செய்துகொள்" என்று ஆசிரியர் சொன்னது இதற்கும் சேர்த்து அல்ல. தனியாகக் கேளுங்கள், அல்லது கருவிக்குள்ளேயே இயங்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

எனவே பேராசிரியரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒலி மட்டும், என் படிப்புக்கு மட்டும், யாருக்கும் தர மாட்டேன், தேர்வு முடிந்ததும் அழித்துவிடுவேன், நீங்கள் சொன்னால் இடையில் நிறுத்துவேன். இந்த ஐந்தையும் எழுதிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, ஏனென்றால் அவர்கள் அஞ்சும் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. மறுத்தாலும், தளத்தில் அதே வகுப்பு இருக்கும்போது சண்டைக்கு நிற்க வேண்டாம். உங்கள் கேள்வி பதிவான விஷயத்துக்கு, பாடத்தின் பெயர், வகுப்பு நாள், நிமிடக் கணக்கு மூன்றையும் குறித்து, ஒலி, கேப்ஷன், சாட் மூன்றிலும் நீக்கும்படி பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதி, ஒரு நகலைப் பேராசிரியருக்கும் அனுப்புங்கள். நேரில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு மாதக் கெடு உள்ள நாடானால், கோரிக்கை அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும்.